விறைக்காத கைக்குட்டை

நவம்பர் 12, புதன்

வலது கையில் போட்டிருந்த கட்டை இன்று அவிழ்த்தார்கள். ஐந்து வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த கை தோல் உரிந்து, மெலிந்து, யாரோ இன்னொருவன் கை மாதிரி இருக்கிறது. பிசியோதெரபி அம்மா விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு, "தினமும் கொஞ்சம் எழுதுங்க சார், விரல் தன்னால பழகும்" என்றார். என்ன எழுத என்று கேட்டேன். "என்னத்தையாவது எழுதுங்க" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி பத்து மாதமாக வெறுமையாகக் கிடந்தது. ஆகவே இது கைக்கான மருந்து. யாரும் இலக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம்.

பெயர் ஆதிலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரியின் கிருமி ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக டெக்னீசியன். ரத்தமோ சளியோ முதுகுத் தண்ணீரோ எது வந்தாலும், அதற்குள் இருக்கும் கிருமி இன்னதென்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. என் கண்ணுக்குத் தப்பிய கிருமி இந்த மாவட்டத்தில் இல்லை என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்கிறார்கள்.

கை உடைந்த கதை: அக்டோபர் ஐந்தாம் தேதி கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வேகத்தடைக்குப் பக்கத்தில் ஒரு செவலை நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி சரிந்துவிட்டது. எனக்கு மணிக்கட்டு. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த என் மனைவி பிரம்மசக்திக்கு நெற்றி தரையில் மோதியது. வீட்டில் ஹெல்மெட் ஒன்றுதான். அது என் தலையில் இருந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு கண்ணையும் சுற்றி மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் கருத்துப்போய், இரண்டு வாரம் அவள் வாசலுக்கே வரவில்லை. வீட்டில் கவனிக்க வேண்டியவை என்று பத்து வரி அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே குப்பை கொட்டுகிறவனுக்கு அது எதற்கு? இந்த டைரிக்கு அடையாளத் தாளாக வைத்திருக்கிறேன்.

விரல் வலிக்கிறது. இன்றைக்குப் போதும்.

நவம்பர் 16, ஞாயிறு

கருவாட்டுக் குழம்பு. தெருமுனையில் திரும்பும்போதே வாசம் வந்தது. வீட்டுக்குள் வந்தால் பக்கத்து அடுப்பில் பால் தீய்ந்து சட்டி கருகிக்கொண்டிருக்கிறது. சக்தி அதன் முன்னாலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பில என்ன எரியுதுன்னு தெரியலையா உனக்கு?"

"தெரியலங்க. கொஞ்ச நாளா ஒரு மணமும் தெரிய மாட்டேங்கு."

"கருவாட்டு மணம் கூடவா?"

"அதுவுந்தான்."

கருவாட்டு வாசமே தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நல்ல விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்றேன். சிரித்தாள். சளி பிடித்தால் அப்படித்தான் இருக்கும். குழம்பில் உப்பும் புளியும் சரியாகத்தான் இருந்தன.

நவம்பர் 21, வெள்ளி

இன்று எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதுக் கொத்தனார் ஒருவர். காய்ச்சல், தலைவலி, கழுத்தை வளைக்க முடியவில்லை. மூளைக்காய்ச்சல் என்று முதுகில் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள். எடுத்ததை வார்டு ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில் ஆறு மணி நேரம் வைத்து, சில்லென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

பெரியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கொடுக்கும் கிருமிகள் முரட்டுப் பயல்கள் என்று நினைக்க வேண்டாம். வெளியே வந்துவிட்டால் குளிர் தாங்காது, செத்துப்போகும். செத்ததைக் கிருமி வளர்க்கும் தட்டில் போட்டால் என்ன முளைக்கும்? ஆய்வக வாசலில் என் கையாலேயே எழுதி மாட்டியிருக்கிறேன்: 'மருந்துக்கு முன் மாதிரி எடுக்கவும். எடுத்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்.' படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அந்த வார்டில் இல்லை போலிருக்கிறது.

சத்தம் போட்டேன். வார்டு டாக்டர் முபீனா நேரில் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாத பெண்.

"ஃபிரிட்ஜ்ல வெச்சது எங்க தப்பு. ஒத்துக்கறேன். ஆனா ஊசியை முதல்லயே போட்டதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். வரும்போதே அவருக்குப் பேச்சு குழறிச்சு. தண்ணி எடுக்கற வரைக்கும் காத்திருந்தா ஆள் இருந்திருக்க மாட்டார்."

"அதுக்கு முன்னாடி வெளிய மாத்திரை எதுவும் சாப்பிட்டாரா?"

"மூணு நாள் ஏதோ சாப்பிட்டிருக்கார். என்ன மாத்திரைன்னு சொல்ல மாட்டேங்கறாங்க."

இதுதான் நம் ஊர். பத்து நாள் சாப்பிட வேண்டியதை மூன்று நாள் சாப்பிடுவான். கிருமி சாகவும் சாகாது, தட்டில் முளைக்கவும் முளைக்காது. அரைகுறை மாத்திரை கொடுக்கிறவர்களை உள்ளே தூக்கிப் போட வேண்டும்.

நவம்பர் 25, செவ்வாய்

கொத்தனார் இறந்துவிட்டார். தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மனைவி ஆய்வக வாசலில் வந்து நின்றாள். கையில் காலி மாத்திரை அட்டை. பல்வலிக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததாம். "நான் குடுத்த மாத்திரையாலயா சார் என்ன நோயின்னு தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

சக்திக்குக் குனிந்தால் தலை பாரமாக இருக்கிறதாம். துணி துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கைக்கும் பயிற்சிதான். அவளுடைய கைக்குட்டைகள் ஒன்பது இருந்தன. ஒரு வாரத்தில் ஒன்பதா என்று கேட்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்றாள்.

ஒரு விஷயம். சளி துடைத்த துணி காய்ந்தால் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாக நிற்கும். சின்ன வயதில் என் சட்டைக் கையெல்லாம் அப்படித்தான் நிற்கும். இவை ஒன்பதும் மெத்தென்று இருந்தன. கறையும் இல்லை. பச்சைத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்ட மாதிரி. கெட்டிச் சளி இல்லை, நல்ல வேளை. துவைக்கும் வேலை மிச்சம்.

டிசம்பர் 7, ஞாயிறு

சக்தியின் அண்ணன் தங்கராசா மச்சான் வந்திருந்தார். விபத்துக்குப் பிறகு இப்போதுதான் எட்டிப் பார்க்கிறார். மறுபடி முழுக் கதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கன்றுக்குட்டி உயரத்தில் கறுப்பு நாய் ஒன்று பாய்ந்ததை நடித்தே காட்டினேன். மச்சான் தொடையில் தட்டி, "கார்ப்பரேசன்காரன் என்ன செய்யுதான்?" என்று கோபப்பட்டார். சக்தி காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாய்க் கதை வரும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே வேலை வந்துவிடுகிறது.

போகும்போது மச்சான், "என்னம்மா, ரெண்டு மாசமா ஜலதோசம்? டாக்டர்ட்ட காட்டலாம்லா?" என்றார்.

"வீட்டுலயே ஆள் இருக்காவள்லா" என்றாள். மச்சான் என்னைப் பார்த்தார். மார்கழிப் பனி போனால் சரியாகும் என்றேன். மார்கழி பிறக்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

டிசம்பர் 18, வியாழன்

காலையில் நடைக்குக் கிளம்பினேன். சக்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாரம் என்று சொன்னவள், மார்கழிக்கு மட்டும் விடமாட்டாள். குனிந்த மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், கோலமாவின் மேல். அவள் நிமிர்ந்தால் நிற்கிறது. குனிந்தால் விழுகிறது. குழாயை மூடித் திறக்கிற மாதிரி.

"புள்ளிக் கோலத்துக்குப் புள்ளியும் நீயே வைக்கியே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "வலது பக்கம் மட்டும்தாங்க வருது. படுத்தா தொண்டைக்குள்ள எறங்குது. ஒரு மாதிரி உப்பும் இனிப்புமா இருக்கு."

"ருசியெல்லாம் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் நடை ஓடவில்லை. பாதியிலேயே திரும்பிவிட்டேன். எதற்கென்று தெரியவில்லை. கை வலித்தது.

டிசம்பர் 29, திங்கள்

இரண்டு மூளைக்காய்ச்சல் மாதிரிகள். ஒன்றில் நிமோகாக்கஸ் என்ற கிருமி. ஊதா நிறத்தில் இரண்டிரண்டாக, வேல்முனையை முதுகோடு முதுகு ஒட்டிவைத்த மாதிரி. கூட வேலை பார்க்கும் ஜெயசீலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரொம்பத் தெளிவா இருக்கு அண்ணாச்சி" என்றாள். அந்த ஆளுக்குப் பத்து வருடம் முன்னால் மரத்திலிருந்து விழுந்து தலையில் அடியாம். டாக்டர் முபீனா போனில் சொன்னார். "கிருமி யாருன்னு நீங்க சொல்லிட்டீங்க, எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு நாங்க பாக்கணும்" என்றார்.

வாசல் அவர்கள் பாடு.

ஜனவரி 2, வெள்ளி

சக்திக்குத் தலைவலி.

ஜனவரி 9, வெள்ளி

நேற்று இரவு லேசான காய்ச்சல். காலையில் மூக்கு அடைத்து, கண் சிவந்து இருந்தாள். சளி முற்றி மூக்குப் பக்கத்துக் குழிகளில் சீழ் கட்டியிருக்கும். என் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது வாங்கிய மாத்திரையில் எட்டு மிச்சம் இருந்தது. நல்ல மாத்திரைதான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று கொடுக்கிறேன். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் தனி.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமே" என்றாள்.

"நான் என்ன அங்க தோசையா சுடுதேன்?" என்றேன்.

ஜனவரி 11, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டாள். சொன்னேன் அல்லவா.

ஜனவரி 14, புதன், போகி

இதை வார்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டுவிட்டாள். வெளிச்சத்தை அணைக்கச் சொன்னாள். விளக்கே போடவில்லை, ஜன்னல் வெளிச்சம்தான். தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கழுத்து வளையவில்லை. தலையும் முதுகும் ஒரே பலகையாக எழுந்து வந்தன. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடம் கண்ணாடித் தகட்டில் மட்டும் பார்த்த நோயைக் கையில் தூக்கிப் பார்த்தேன்.

டாக்டர் முபீனாதான் ட்யூட்டி. ஊசியும் ஸ்டீராய்டும் உடனே போட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் முதுகில் தண்ணீர் எடுத்தார்கள். தெளிவாக இல்லை, அரிசி களைந்த மாதிரி லேசாகக் கலங்கியிருந்தது. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நான் விடவில்லை. குழாயை உள்ளங்கையில் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு மாடி இறங்கி ஓடினேன். குளிர் படக்கூடாது. என் உடம்புச் சூட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஜெயசீலி அதை வாங்கிக்கொண்டு, "நீங்க வெளிய இருங்க அண்ணாச்சி. நம்ம வீட்டு ஆளுவ ஸ்லைடை நம்ம பாக்கக்கூடாது" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, செல்கள் நிறைய, சர்க்கரை குறைவு, கிருமி எதுவும் கண்ணுக்குப் படவில்லை என்றாள். உள்ளே போய் நானும் பார்த்தேன். நூறு இடம் பார்த்திருப்பேன். ஒன்றும் இல்லை.

டாக்டர் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"இதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"பாரசிட்டமால்."

அது பொய் இல்லை. காய்ச்சலுக்குக் கொடுத்தது அதுதான். மற்றது சளிக்கு.

"தலையில அடி?"

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஒரு நாய் குறுக்க வந்து..."

அவர் நாயைப் பற்றி எழுதிக்கொள்ளவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தட்டுகளில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

இரண்டாம் நாள். ஒன்றும் இல்லை. ரத்தக் கல்ச்சரிலும் இல்லை. தட்டுகளை வைத்திருக்கும் இன்குபேட்டர் கதவை இன்று எத்தனை முறை திறந்தேன் என்று ஜெயசீலி எண்ணியிருப்பாள். "தொறந்து தொறந்து பாத்தா சூடு போயிரும் அண்ணாச்சி" என்றாள். நான் எத்தனை பேருக்குச் சொன்ன வசனம்.

சக்தி கண் திறக்கிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. மயக்கத்தில் இருக்கிறாள்.

பாமாவுக்குப் போன் செய்தேன். ஓசூரிலிருந்து கிளம்பிவிட்டாள். எங்களுக்கு ஒரே மகள். "அம்மாவுக்கு என்ன நோய்ப்பா?" என்று கேட்டாள். மூளைக்காய்ச்சல் என்றேன். "எதனாலப்பா?" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

ஜனவரி 17, சனி

காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். காகிதங்களைப் புரட்டினார். முதுகுத் தண்ணீரில் வெள்ளையணுக்கள் இரண்டு வகையும் பாதிக்குப் பாதி இருக்கின்றன; சாதாரணக் கிருமியானால் ஒரு வகைதான் கூடியிருக்கும். மூன்று நாள் ஆகியும் தட்டில் எதுவும் இல்லை. மாத்திரை எதுவும் முன்னால் கொடுக்கவில்லை. "அப்படின்னா இது சாதாரண பாக்டீரியா இல்ல. நம்ம ஊர்ல இந்த மாதிரி இருந்தா டி.பி.தான். அந்த மருந்தை ஆரம்பிங்க. இந்த ஊசியை இன்னிக்கோட நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் சொன்னது சரி. அவரிடம் இருந்த காகிதத்துக்கு அது சரியான பதில்தான். காகிதத்தில் ஒரு வரி பொய். அந்த வரி என்னுடையது.

நான் ஆய்வகத்துக்கு இறங்கி வந்தேன். வாசலில் என் போர்டு. மருந்துக்கு முன் மாதிரி. அதன் அடியில்தான் அந்தக் கொத்தனாரின் மனைவி காலி அட்டையோடு நின்றாள். ஆமாம் என்று சொன்னேனே, ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? தெரியாமல்தானே கொடுத்தாய், போம்மா என்று. நானோ தெரிந்தே கொடுத்தேன். ஊசியை நிறுத்த மணி பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள். அப்போது பதினொன்றே கால்.

மறுபடி மாடி ஏறினேன். டாக்டர் முபீனா கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்த ஊசியை நிறுத்தாதீங்க. நான் மாத்திரை குடுத்தேன். அமாக்ஸிசிலின். எட்டு மாத்திரை, நாலு நாள். அதான் எதுவும் முளைக்கல."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நவம்பரில் நான் போட்ட கூச்சலை எல்லாம் அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம். செவிட்டில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஒம்பதாம் தேதி."

"கடைசி மாத்திரை?"

"பன்னெண்டு. இரவு."

எழுதிக்கொண்டார். ஊசி தொடரட்டும் என்று நர்ஸிடம் சொன்னார். பிறகு, "முதுகுத் தண்ணி மிச்சம் இருக்கா? உயிரோட இல்லாட்டியும் பரவால்ல, செத்த கிருமியைக் காட்டற அட்டை உங்ககிட்ட இருக்குமே?" என்றார். இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜெயசீலிதான் செய்தாள். துளி விட்டுப் பதினைந்து நிமிடம். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டையில் முதலில் ஒரு கோடு. அது எப்போதும் வரும் கோடு. பிறகு அதன் பக்கத்தில், மிக மெல்லியதாக, இன்னொன்று.

நிமோகாக்கஸ்.

ஜனவரி 18, ஞாயிறு

டாக்டர் முபீனாவுக்கு இன்று விடுமுறை. ஆனாலும் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தாறு வயசு. சர்க்கரை இல்ல. காதுல சீழ் இல்ல. இவங்களுக்கு எப்படி நிமோகாக்கஸ் மூளைக்குள்ள போச்சு? ஏதோ ஒரு வாசல் இருக்கணும். விழுந்ததுக்கு அப்புறம் வாசனை தெரியுதான்னு கேட்டிருக்கீங்களா?"

நான் கருவாட்டுக் குழம்பைச் சொன்னேன்.

"மூக்குல தண்ணி?"

ஒன்பது கைக்குட்டைகளைச் சொன்னேன். கோலமாவைச் சொன்னேன். குனிந்தால் விழும், நிமிர்ந்தால் நிற்கும், வலது பக்கம் மட்டும், உப்பும் இனிப்பும். நான் சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. மற்றவர்கள் வீட்டில் நடந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்திருப்பேன்.

"காஞ்சா துணி விறைக்குமா?"

"இல்ல."

"அது சளி இல்ல சார். அவங்க மூக்குல இருந்து வந்துக்கிட்டிருந்ததும், நீங்க கையில மூடி எடுத்துட்டு ஓடினீங்களே, அதுவும் ஒரே தண்ணிதான்."

மூன்று மாதம். மூளையைச் சுற்றி இருக்க வேண்டிய தண்ணீர் என் வீட்டு வாசலில் சொட்டியிருக்கிறது. அது வெளியே வரும் வழியாகவே மூக்கில் இருந்த கிருமி உள்ளே போயிருக்கிறது. நான் அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். புள்ளிக் கோலம் என்று கேலி செய்தேன்.

அவர் போன பிறகு அடையாளத் தாளைப் பிரித்தேன். நான்காவது வரி: 'மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும்.' கொட்டை எழுத்து.

ஜனவரி 20, செவ்வாய்

மறுபடி ஸ்கேன், இந்த முறை மெல்லிய துண்டுகளாக. மூக்குக்கு மேலே, மண்டையோட்டின் அடித்தட்டில் ஒரு விரிசல். பல் குத்தும் குச்சி நுழையாது. அவ்வளவுதான் வாசல். காய்ச்சல் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

சக்தி விழித்துக்கொண்டாள். பாமாவைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து, "மழை பெய்யுதா?" என்று கேட்டாள். மிகவும் சத்தமாகக் கேட்டாள், வார்டே திரும்பிப் பார்த்தது.

"இல்லையே" என்றேன்.

"என்னங்க, வாயை மட்டும் அசைக்கிய? சத்தமாச் சொல்லுங்க. ஒரே எரைச்சலா இருக்கு, மழை கணக்கா."

பாமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சக்தியின் காதருகே குனிந்து அவள் பெயரைச் சொன்னேன். இரண்டாவது முறை கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 26, திங்கள்

இரண்டு காதும் போய்விட்டன. இந்தக் கிருமி சிலருக்கு அப்படிச் செய்யும் என்றார்கள். மாத்திரையினாலா, தாமதத்தினாலா என்று டாக்டர் முபீனாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது, முதல் நாளே வந்திருந்தாலும் போயிருக்கலாம் என்றார். கொத்தனாரின் மனைவிக்கு நான் சொல்லாத வார்த்தையை அவர் எனக்குச் சொன்னார். அது அன்புதான் என்று எனக்குத் தெரியும், ரிப்போர்ட் அல்ல.

விரிசலை மூக்கு வழியாகவே அடைக்க வேண்டும். மதுரையில் ஆபரேஷனுக்குப் பிப்ரவரி பத்தாம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. அடைக்கிற வரைக்கும் வாசல் திறந்துதான் இருக்கும், எந்த நாளும் மறுபடி வரலாம் என்றார். காய்ச்சல் ஒரு கோடு ஏறினாலும் ஓடி வர வேண்டும். தாளில் எழுதித் தந்தார்கள். அதை நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 4, புதன்

இப்போது எங்கள் பேச்சு இந்த டைரியில்தான் நடக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் எழுதிக் காட்டுகிறேன். அவள் வாயால் பதில் சொல்வாள். அவளுடைய குரலே அவளுக்குக் கேட்காததால் பேச வெட்கப்பட்டு, இரண்டு நாளாக அவளும் எழுதுகிறாள். பின்பக்கம் முழுவதும் 'காபி வேணுமா', 'பாமா போன் பண்ணினாள்', 'கேஸ் அணைச்சியளா' என்று கிடக்கிறது.

இன்று சாயங்காலம் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் எழுதினேன்:

'சக்தி, அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை. ஒரு நோயாளிக்கு என்ன கிருமி என்று டாக்டர் போனில் கேட்டார். அதை உடனே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு கையை விட்டுவிட்டு போனை ஹெல்மெட்டுக்குள் செருகினேன். வேகத்தடையைப் பார்க்கவில்லை. எல்லாம் என்னால்தான்.'

அவளிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். டைரியை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான் வாசலோரம் போய் உட்கார்ந்தேன்.

மடி தாழ்வாக இருந்தது. எழுத எழுத அவள் தலை இறங்கிக்கொண்டே போனது. குனியாதே என்றேன். கேட்கவில்லை. எழுந்து ஓடிக்கொண்டே குனியாதே, குனியாதே என்று கத்தினேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதியது கீழே இருக்கிறது:

'தெரியும். உங்க தோள்ல கை வச்சுத்தான உக்காந்திருந்தேன். நீங்க போனைச் செருகினது எனக்குத் தெரியாதா. நாலு பேர் முன்னால உங்களை எப்படி விட்டுக்குடுப்பேன். ஆனா மூக்குல தண்ணி வருதுன்னு சொன்னேம்லா, அதைக் கேட்டிருக்கலாம்.'

கடைசி வார்த்தையில் மை கலைந்திருப்பது அவள் அழுததால் அல்ல. அவள் அழவில்லை. அது வலது மூக்கிலிருந்து விழுந்தது.

இப்போது காய்ந்துவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன். தாள் மெத்தென்றுதான் இருக்கிறது. மதுரைக்கு இன்னும் ஆறு நாள்.